ஊரணித் தண்ணீரைக் கரையிலேயே வைத்து ஒளியால் சோதிக்க முடியுமா?

பூக்கல் பட்டறை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்) போடுகிற பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துப் பட்டறை, ஆறு பேர் வேலை பார்க்கிறோம். என் படிப்பு பத்தாவதோடு சரி. கேள்வியில் பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.

கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கல்லை எடுத்ததும் மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவோம். சில நாள் ஊறினால்தான் கல் இறுகும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுவது வழக்கம். அது பின்னால் இருக்கும் பள்ளம் வழியாக ஊரணியின் வரத்துக்காலில் போய்ச் சேரும். அச்சும் கரண்டியும் கழுவுகிற தண்ணீரும் அதே வழிதான். அது காவிச் சிவப்பாக ஓடும், ஊரே பார்க்கும்.

போன ஐப்பசியில் மூன்று நாள் வெயில் தலைகாட்டவே இல்லை. நாலாம் நாள் விடிகாலை படித்துறைக்குப் போன ஆச்சி ஒருவர் பார்த்திருக்கிறார். கெண்டை மீனும் ஜிலேபி மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றனவாம். எட்டு மணிக்குள் நூறுக்கு மேல் செத்து மிதந்துவிட்டன. வரத்துக்காலில் என் சிவப்புத் தண்ணீர் நிற்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் மோந்து சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். பாட்டில் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். தாள் வந்தது பதினோராம் நாள். பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 7.9, மற்றதெல்லாம் அளவுக்குள் என்று போட்டிருந்தது. ஊரில் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுசாக நம்பவில்லை.

அதனால்தான் கரையிலேயே வைத்து, நினைத்த நேரத்தில் பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஒளியை வைத்துத் தண்ணீரில் இருக்கும் ரசாயனத்தை அளக்கலாம் என்று அக்கா மகன் சொல்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான். பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பக்கம் வெள்ளை எல்இடி, எதிர்ப்பக்கம் எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் சின்ன உறுப்பு), நடுவில் கண்ணாடிக் குப்பி, வெளியே ஆர்டுயினோ (எண்ணிக் கணக்குப் போடும் சின்ன மின்னணு அட்டை) என்று ஒன்று செய்தும் கொடுத்தான். காலையில் 412 காட்டியது. அதே குப்பி, அதே தண்ணீர், மதியம் 530. நான் பக்கத்தில் போய் நின்றால் இன்னொரு எண். என் நிழலைத்தான் அளக்கிறது போலிருக்கிறது.

5,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். பிஎச், ஆக்சிஜன், சாயத்துக்குப் போடும் பச்சைப் பொடியில் இருக்கிற குரோமியம், இவற்றை ஒளியால் அளக்க வழி இருக்கிறதா? தப்பு என் பக்கம் என்று தெரிந்தாலும் பரவாயில்லை. தெரிந்தால் போதும்.

சால்டர் புகை எழுதியது:

அண்ணே, மருமகனைத் திட்டாதீர்கள். எல்லோரும் முதலில் செய்கிற பெட்டி அதுதான். செக்காலை ரோட்டில் டிவி ரிப்பேர் பார்க்கிறவன் நான், ரசாயனம் தெரியாது. பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்டிஆரைத் தூக்கிப் போடுங்கள். வெயில் சூட்டுக்கு ஒரு மதிப்பு, நிழலுக்கு ஒரு மதிப்பு காட்டும். வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கிடந்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த அளவையும் கெடுக்கும். வெள்ளை எல்இடியும் வேண்டாம். எந்த நிறத்தைத் தண்ணீர் விழுங்குகிறது என்று தெரிந்தால்தானே கணக்கு? ஒரு நேரத்தில் ஒரு நிற எல்இடி போடுங்கள்.

ஒளியை வாங்குவதற்கும் எல்இடியே போதும். இது பலருக்குத் தெரியாது. எல்இடி வெளிச்சம் கொடுப்பது போல வெளிச்சத்தை உணரவும் செய்யும். அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் இதை வைத்தே வானத்தை அளக்கும் கருவி செய்தார். டப்ளினில் ஒரு பல்கலைக்கழகக் குழு இரண்டு எல்இடிகளை எதிரெதிரே வைத்து ரசாயன சென்சாராகவே மாற்றியது. உணர்கிற எல்இடிக்கு 5 வோல்ட்டைத் தலைகீழாக ஒரு நொடிக்கும் குறைவாகக் கொடுங்கள். உள்ளே கொஞ்சம் மின்சாரம் தேங்கும். பிறகு ஆர்டுயினோவின் அந்த இணைப்புக் காலை (pin) உள்வாங்கியாக (input) மாற்றி, எவ்வளவு நேரத்தில் அது வடிகிறது என்று ஆர்டுயினோவை எண்ணச் சொல்லுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் சீக்கிரம் வடியும், குறைவென்றால் தாமதமாகும். நேரத்தை எண்ணுவதில் ஆர்டுயினோ கெட்டிக்காரன். இரண்டு எல்இடிக்கும் சேர்த்துப் பத்து ரூபாய் ஆகாது.

ஒரு விதி உண்டு. எல்இடி தன் நிறத்தையும் அதைவிட நீலப் பக்கம் இருப்பதையும்தான் உணரும். பச்சையைச் சிவப்பு எல்இடி பார்க்கும், சிவப்பைப் பச்சை எல்இடி பார்க்காது. நான் இதை மாற்றிப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

டப்பாவுக்குப் பதில் பிளம்பிங் கடையில் பிவிசி 'டீ' (T வடிவக் குழாய் இணைப்பு) ஒன்று வாங்கி உள்ளே கறுப்பு அடித்துவிடுங்கள். குப்பி மேலே இருந்து இறங்கட்டும், மூடியும் கறுப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எல்இடியை அணைத்துவைத்து ஒரு அளவு எடுங்கள். அப்போது வடியும் நேரம் மிக நீளமாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. வெயிலில் எல்இடியின் பிரகாசமே குறையும், அதனால் வெறும் தண்ணீர்க் குப்பியையும் அந்தந்த நேரமே வைத்துப் பாருங்கள். காலையில் எடுத்ததை மதியம் பயன்படுத்தக் கூடாது.

சும்மா இருப்பவன் எழுதியது:

மீன் தொட்டிக் கடையில் பிஎச் கிட் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொட்டு விட்டால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டால் முடிந்தது. இதற்கு ஆர்டுயினோ எதற்கு? அதுவும் மின்வேதியியலுக்கென்றே ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் மின்முனையை (மின்சாரத்தால் அளக்கும் முனையை) விட்டுவிட்டு ஒளியைத் தேடுகிறீர்கள். அந்த நிறுவனத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தது இதற்காகவா?

தாளிச்ச டீச்சர் எழுதியது:

மேலே எழுதிய தம்பி கிண்டலாகச் சொன்னாலும் பாதி சரி. அந்தச் சொட்டுமருந்தும் ஒளி சென்சார்தான், கண் மட்டும் நம்முடையது. நாலு பேர் பார்த்தால் நாலு நிறம் சொல்வார்கள், படித்துறையில் வாக்குவாதம் தீராது. அதற்குத்தான் எண் வேண்டும்.

நான் தேவகோட்டையில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டறைக்காரரே, உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. "விடிகாலை, மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு." இதைச் சொன்ன ஆச்சிதான் இங்கே நல்ல சென்சார்.

முதலில் சிவப்பு. நீங்கள் போடுகிற காவி, மஞ்சள் எல்லாம் இரும்பு ஆக்சைடு. தண்ணீரில் கரையாது. அது கலங்கல், மண் மாதிரி. ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால் அடியில் படியும். பச்சைப் பொடி குரோமியம் ஆக்சைடு, அதுவும் கரையாத வகை. ஊர் பயப்படுவது இந்த நிறத்துக்கு. எனக்குக் கவலை நிறமே இல்லாத தொட்டித் தண்ணீர்.

சிமெண்ட் ஊறிய தண்ணீர் கிட்டத்தட்ட தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். பிஎச் 12 பக்கம் இருக்கும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஊரணியில் மாடு குளிப்பாட்டுகிறார்களா? அப்படியானால் அம்மோனியா கொஞ்சம் இருக்கும். பிஎச் 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட மீனைக் கொல்லும் வடிவில் இராது. பிஎச் 9 ஆகும்போது 25 டிகிரி சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வடிவுக்கு மாறிவிடும். மாட்டுச் சாணமும் உங்கள் தொட்டியும் தனித்தனியே இருந்தால் பிழைத்துக்கொள்ளும் மீன், இரண்டும் சேர்ந்தால் பிழைக்காது.

உடனே "நான்தான் கொன்றேன்" என்று எழுதிவிடாதீர்கள். ஊரணி பச்சையாக இருந்தால் பாசி பகலில் வெயிலைக் குடித்து, கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். மதியம் மூன்று மணிக்கு பிஎச் தானாகவே 9-ஐத் தாண்டும், சிமெண்டே வேண்டாம். அதே பாசி ராத்திரி மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தின்னும். மூன்று நாள் மேகம் போட்டால் பகல் வரவு இல்லாமல் ராத்திரிச் செலவு மட்டும் நடக்கும். நாலாம் நாள் விடியலில் ஆக்சிஜன் அடியைத் தொடும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். உங்கள் சோதனைத்தாள் பொய் சொல்லவில்லை. பாட்டிலுக்குள் ஒரு நாள் அடைந்து கிடந்த வேறொரு தண்ணீரைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அளக்கவேண்டியது விடிவதற்கு முன் ஒருமுறை, மதியம் மூன்றுக்கு ஒருமுறை. படித்துறை, வரத்துக்கால் இரண்டிலும். ஏறி இறங்கினால் பாசி. வரத்துக்கால் பக்கம் மட்டும் விடியலிலும் இறங்காமல் நின்றால் அது நீங்கள்.

பிஎச்சுக்குத் தைமால் புளூ என்ற நிறம் மாறும் சாயம் போதும். 8.0-இல் மஞ்சள், 9.6-இல் நீலம், நடுவே பச்சை. இதற்கு நீல எல்இடி ஒன்று, ஆரஞ்சு எல்இடி ஒன்று. இரண்டு நிறத்தையும் சாயம் எவ்வளவு விழுங்குகிறது என்ற உறிஞ்சளவை (absorbance) வகுத்துப் பாருங்கள், கழிக்கவேண்டாம். வகுத்தால் சொட்டு ஒன்று கூடிப் போனாலும் விடை அதிகம் மாறாது. கடல் ஆய்வாளர்கள் வேறொரு சாயத்தை வைத்து இதே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் சாயம் விடாத அதே தண்ணீரை ஒப்பீட்டுக் குப்பியில் ஊற்றுங்கள், குடிநீரை அல்ல. கலங்கலை மட்டும் தனியே பார்க்க அகச்சிவப்பு எல்இடி ஒன்றைக் குப்பிக்குப் பக்கவாட்டில் வைத்துச் சிதறலைப் பார்க்கலாம். 860 நானோமீட்டர்தான் வழக்கம், அங்கே சாயநிறம் குறுக்கே வராது.

குரோமியம் பற்றி ஒன்று. பச்சைப் பொடியைவிடச் சாம்பல் சிமெண்டைக் கேளுங்கள். அதில் இயல்பாகவே கொஞ்சம் ஆறாம் வகைக் குரோமியம் உண்டு, அது கரையும். கொத்தனார் கை வெடித்து அரிப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. ஐரோப்பாவில் 2005 முதல் கிலோ சிமெண்டுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். டைஃபினைல்கார்பசைடு என்ற மருந்து விட்டால் ஊதா வரும், பச்சை எல்இடியால் அளக்கலாம். ஆனால் அதற்கு அமிலம் வேண்டும். கரையில் வேண்டாம், என் வீட்டுக்குப் பாட்டில் கொண்டுவாருங்கள். குடிநீருக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் பட்டறைப் பையன்கள் கையுறை போடுகிறார்களா?

கடைசியாக, வாரம் ஒருமுறை தொட்டியை ஏன் திறந்துவிடுகிறீர்கள்? கான்கிரீட் சோதனைக்கூடங்களில் கட்டிகளைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரிலும் ஊறவைக்கிறார்கள். பழைய தண்ணீர் கல்லுக்குக் கெடுதல் இல்லை.

தொண்டிக்காரன் எழுதியது:

ஆக்சிஜனுக்கு நான் சொல்கிறேன். இறால் பண்ணையில் ஆறு வருஷம் ராத்திரிக் காவல். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சும் மீட்டருமாகக் கரையைச் சுற்றினவன்.

முன்பெல்லாம் சவ்வு வைத்த மின்முனை. அமெரிக்காவில் கிளார்க் என்பவர் 1950-களில் கண்டுபிடித்த வகை. அது அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும், அதனால் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கொசுக்கடியில் கையை ஆட்டுவதா, மீட்டரை ஆட்டுவதா? இப்போது வருவது ஒளி வகை. முனையில் ஒரு சாய மூடி இருக்கும். நீல வெளிச்சம் பட்டால் சிவப்பாக மின்னும். ஆக்சிஜன் வந்து மோதினால் அந்த மின்னல் சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதைத்தான் அது எண்ணுகிறது, எவ்வளவு பிரகாசம் என்பதை அல்ல. அதனால் மூடி கொஞ்சம் மங்கினாலும் பெரிதாகத் தப்பாது. ஆட்டவும் வேண்டாம்.

வீட்டில் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், உங்கள் காசுக்கு வராது. என்னிடம் பழைய மீட்டர் ஒன்று இருக்கிறது, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு போங்கள். மூடியை வெயிலில் காயப்போடாதீர்கள், சாயம் வெளுக்கும். தண்ணீரிலேயே போட்டுவைத்தால் நாலாம் நாள் வழவழவென்று பாசி பிடிக்கும். அப்புறம் அது ஊரணியை அளக்காது, தன் மேல் முளைத்த பாசியைத்தான் அளக்கும். பிரஷ் பழசாக இருக்கட்டும், மெதுவாகத் தேயுங்கள். எத்தனை லட்சம் ரூபாய்க் கருவியானாலும் பாசி ஒன்றுதான்.

தாளிச்ச டீச்சர் எழுதியது:

மீட்டர் கடன் வாங்கினால் ஒரே ஒரு தடவையாவது விங்க்ளர் முறையில் சரிபார்த்துவிடலாம். 1888-இல் வந்த முறை, இன்னும் அசையவில்லை. கரையிலேயே இரண்டு மருந்து விட்டால் ஆக்சிஜன் பழுப்புப் படிவாகப் பிடிபட்டுவிடும், பிறகு வீட்டில் நிதானமாக அளக்கலாம். நான் வருகிறேன். காபி மட்டும் நன்றாக இருக்கட்டும்.

பூக்கல் பட்டறை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பெட்டி ஓடுகிறது. பிவிசி டீ, நாலு எல்இடி, மாப்பிள்ளையின் பழைய பவர் பேங்க், கறுப்புப் பெயிண்ட். எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய். அதில் 600 ஆர்டுயினோ புதிதாக வாங்கியது. பழையது தண்ணீரில் விழுந்துவிட்டது, யார் தள்ளிவிட்டது என்று கேட்காதீர்கள்.

தொட்டித் தண்ணீரில் தைமால் புளூ விட்டால் கருநீலம். 9.6-க்கு மேலே எல்லாமே ஒரே நீலம் என்பதால் பெட்டி அங்கே குருடு. பிஎச் தாளில் பார்த்தோம், கடைசிக் கட்டத்துக்கு முந்தின நிறம். பள்ளத்தின் முடிவிலும் நீலம்தான். வரத்துக்கால் வாயில் விடியற்காலை 9.1, மதியமும் 9.2. ஏறி இறங்கவில்லை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

படித்துறையில் கதை வேறு. விடியலில் சாயம் மஞ்சளாகவே நின்றது, அதாவது 8-க்குக் கீழே. மதியம் 9.0. தொண்டி அண்ணனின் மீட்டரில் ஆக்சிஜன் விடியலில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம், மதியம் 10.4. டீச்சரின் விங்க்ளர் விடியலுக்கு 2.4 சொன்னது. இத்தனைக்கும் அன்று நல்ல வெயில் நாள். மூன்று நாள் மேகம் போட்டிருந்தால் என்னவாகும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆக, ஊரணி நடுவில் பாசி, வாய்க்கால் ஓரம் நான். பஞ்சாயத்தில் இரண்டையும் சொன்னேன். முதல் பாதியைச் சொல்லும்போது சிரித்தார்கள், இரண்டாவது பாதியைச் சொன்னதும் கேட்டார்கள்.

தொட்டி மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒன்று படரும். சின்ன வயசில் அதைக் குச்சியால் உடைத்து விளையாடியிருக்கிறேன். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக மாறுவதுதான் அது என்று டீச்சர் சொன்னார். தொட்டியை இப்போது திறந்துவிடுவதில்லை. குறைகிற அளவுக்கு ஊற்றுகிறோம், கல் முன்போலவே இறுகுகிறது. ஏன் இத்தனை வருஷம் திறந்துவிட்டோம் என்றால், அப்பா திறந்தார். அச்சு கழுவுகிற தண்ணீருக்குப் பின்னால் ஆழமில்லாமல் அகலமாக ஒரு குழி வெட்டி நிறுத்திவைக்கிறேன். அதிலும் ஆடை படர்கிறது. குரோமியத்துக்கு இன்னும் பாட்டில் கொண்டுபோகவில்லை, அடுத்த வாரம். கையுறை வாங்கியாயிற்று. ஒருவன் மட்டும் போட்டுக்கொள்கிறான்.

அந்த ஆச்சியிடம் மட்டும் எடுபடவில்லை. சிவப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்கப் படித்துறையிலேயே வைத்தேன். விடிந்ததும் காவி அடியில், மேலே தெளிவு. "பாருங்க ஆச்சி, கரையவே இல்லை" என்றேன். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அப்ப மேல இருக்குறதக் குடி" என்றார். நான் இரண்டு சொட்டு தைமால் புளூ விட்டேன். நீலமாகிவிட்டது. குடிக்கவில்லை.

சால்டர் புகை அண்ணே, ஒரு சந்தேகம். பெட்டியை ஊரணிக்குள்ளேயே இறக்கிவைத்தால் ஜன்னலில் பாசி பிடிக்குமே, அதைத் துடைக்கச் சின்ன மோட்டாரில் ஒரு பிரஷ் மாட்ட முடியுமா? பழைய சிடி டிரைவ் ஒன்று கிடக்கிறது.